தொடுதிரையும் கட்டைவிரலும்: மாணவர் ஆய்வுக்கு ஒரு பொருள்

மனிதக் கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் எட்டு, மணிக்கட்டில் இரண்டு வரிசையாக அமைந்த சிறு எலும்புகள். இவை சேர்ந்து உள்ளங்கைப் பக்கத்தில் ஒரு பள்ளத்தை உண்டாக்குகின்றன. தடித்த நார்ப்பட்டை ஒன்று குறுக்கே ஓடி அந்தப் பள்ளத்தை மேலே மூடுகிறது. மருத்துவமனைகளில் கார்பல் டனல் என்று சொல்லப்படும் இடம் இதுதான். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் இந்தக் குறுகிய வழியாகக் கைக்குள் வருகின்றன. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் ஒரு பாதி ஆகியவற்றின் தொடுவுணர்வு அந்த ஒரே நரம்பைச் சார்ந்தது. விரலை இயக்கும் பெரிய தசைகள் கையில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. ஒரு விரல் அசையும்போதெல்லாம் முன்கையிலிருந்து வரும் தசைநாண் இந்த வழியில் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்கிறது.

மணிக்கட்டு நேராக இருக்கையில் நலமான கையில் கார்பல் டனலுக்குள் அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்குள் அடங்கும். அது 30 மி.மீ. அளவை எட்டும்போது நரம்புக்குச் செல்லும் இரத்த ஓட்டம் பாதிக்கப்படத் தொடங்குகிறது. கையைப் பின்பக்கமாக ஏறத்தாழ 33 பாகைக்கு மேலும் முன்பக்கமாக 49 பாகைக்கு மேலும் வளைத்தால் சிலருக்கு இந்த எல்லை தாண்டிவிடும் என்று 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. படுத்தபடி கைப்பேசியை முகத்துக்கு நேரே ஏந்திப் படம் பார்ப்பவரின் மணிக்கட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து ஒரு புகைப்படம் எடுத்தாலே கணக்கிடலாம்.

கட்டைவிரலின் சிக்கல் வேறு வகை. அதன் அடிமூட்டு பல திசைகளில் திரும்பும். அந்தச் சுதந்திரத்துக்கு விலையாக உறுதி குறைவு. கட்டைவிரல் நுனியில் ஒரு கிலோ விசையுடன் எதையாவது கிள்ளிப் பிடித்தால் அடிமூட்டில் அதைப்போல் பன்னிரண்டு மடங்கு வரை அழுத்தம் விழும் என்பது 1970களிலேயே கணக்கிடப்பட்டது. கட்டைவிரலை விரித்து நீட்டும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே உறைக்குள் செல்கின்றன. அந்த உறை தடித்து இறுகும்போது வரும் வலியை சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் 1895இல் விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தொடுதிரைக் கைப்பேசி பரவுவதற்கு நூறாண்டு முன்பே அடையாளம் காணப்பட்ட நோய் இது. கைக்குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் திரும்பத் திரும்பத் தூக்கும் தாய்மாருக்கு இன்றும் இது வருகிறது.

கருவி மாறினால் நோய்க்குப் புதுப்பெயர் கிடைப்பது நெடுநாள் வழக்கம். தொழில்வழி நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி, தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே போக்கில் இடைவிடாமல் அசைவது, பிழை வந்துவிடக் கூடாதே என்ற மனப்பதற்றம் என்று மூன்று காரணங்களை அவர் அடுக்கினார். இறகுப் பேனாவுக்காகச் சொன்னவை அவை. இன்றைய பணியிட மருத்துவமும் இந்த மூன்றை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை. அடுத்து வந்தது தந்தி. மோர்ஸ் விசையை நாள் முழுக்கத் தட்டியவர்களின் கை இழுத்துக்கொண்டது. 1908இல் பிரிட்டன் அதை இழப்பீடு பெறத்தக்க தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது.

1980களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் நடந்தது இத்துறையின் மிகச் சிக்கலான அத்தியாயம். கணினி விசைப்பலகை நுழைந்த அலுவலகங்களில் கைவலி புகார்கள் அலையாக எழுந்தன. சில ஆண்டுகளில் அலை தணிந்தது. விசைப்பலகை அப்படியேதான் இருந்தது. வேலை நெருக்கடி, மேலதிகாரியின் கண்காணிப்பு, இழப்பீட்டு விதி, மருத்துவர்களின் நம்பிக்கை ஆகியவை அலையை ஏற்றி இறக்கினவா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. வலித்தவர்களுக்கு வலி உண்மைதான். ஆனால் கருவியைத் தொட்ட நேரத்தை மட்டும் எண்ணி அந்த ஏற்ற இறக்கத்தை விளக்க முடியவில்லை. இந்தப் படிப்பினை கைப்பேசி ஆய்வுகளில் அதிகம் நினைவுகூரப்படுவதில்லை.

கைப்பேசிக் காலத்தில் புதுப்பெயர்கள் இன்னும் வேகமாக வந்தன. சிறு பொத்தான்கள் வைத்த பிளாக்பெர்ரி கருவியால் ‘பிளாக்பெர்ரி கட்டைவிரல்’ வந்தது. 2014இல் லான்செட் மருத்துவ இதழ், ஸ்பெயின் நாட்டு கிரானடாவைச் சேர்ந்த 34 வயது மருத்துவர் ஒருவரின் நிலையை ‘வாட்ஸ்ஆப்பைட்டிஸ்’ என்ற தலைப்பில் வெளியிட்டது. கருவுற்றிருந்த அவர், கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுக்குப் பதிலெழுத 130 கிராம் எடையுள்ள கைப்பேசியை ஆறு மணி நேரம் கையில் பிடித்திருந்தார். மறுநாள் எழுந்தபோது இரண்டு மணிக்கட்டிலும் வலி. கைப்பேசியைத் தொடாமல் இருக்கச் சொன்னார்கள். டிசம்பர் 31 வந்ததும் அவர் மறுபடி வாழ்த்து அனுப்பினார் என்பதையும் அந்தக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது. 2015இல் அமெரிக்காவில் 29 வயது இளைஞர் ஒருவர் வாரக்கணக்கில் கேண்டி கிரஷ் என்ற கைப்பேசி விளையாட்டை ஆடி, கட்டைவிரலை நீட்டும் தசைநாணையே அறுத்துக்கொண்டார். ஆடும்போது அவருக்கு வலிக்கவில்லை. விளையாட்டின் கிளர்ச்சி வலியை மறைத்திருக்கலாம் என்று சிகிச்சை அளித்தவர்கள் கருதினர். பள்ளி மாணவரிடம் ‘கை வலிக்கிறதா?’ என்று மட்டும் கேட்டு முடித்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இவை தனிமனிதக் கதைகள். செய்தித்தாளுக்கு ஏற்றவை, எத்தனை பேருக்கு வரும் என்பதை இவை சொல்லா. அந்தக் கேள்வியில் இறங்கிய ஆய்வுகளில் பெரும்பகுதி மாணவர்களை வைத்தே நடந்திருக்கிறது. துருக்கியில் 102 மாணவர்களை ஸ்கேன் செய்து 2015இல் வெளியான ஆய்வு, கைப்பேசியை மிகுதியாகப் பயன்படுத்துவோரின் மணிக்கட்டு நரம்பு பருத்திருப்பதையும் கிள்ளிப் பிடிக்கும் வலு குறைந்திருப்பதையும் கண்டது. 2017இல் ஹாங்காங்கில் 48 பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது. பெங்களூரில் கைக்கருவிகளால் வலி வந்து சிகிச்சைக்கு வந்த 70 பேரின் நிலையை மருத்துவர் தீபக் சரணும் குழுவினரும் 2014இல் விவரித்தனர். தமிழ்நாட்டுப் பிசியோதெரபி கல்லூரிகளிலும் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு இது எடுப்பான பொருள். ஆய்வு செய்பவரும் மாணவர், ஆய்வுக்கு உட்படுபவர் அவருடைய வகுப்புத் தோழர்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒரு குறை உண்டு. ஒரே நாளில் பயன்பாட்டையும் வலியையும் கேட்டு வாங்கி, இரண்டும் சேர்ந்து வருகின்றன என்று காட்டுகின்றன. எது முந்தியது என்பது அதில் தெரியாது. சுவீடனில் 20 முதல் 24 வயது வரையுள்ள 7,092 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. தொடக்கத்தில், குறுஞ்செய்தி அதிகம் தட்டுவோருக்குக் கழுத்து, தோள், கை எல்லாவற்றிலும் தொல்லை கூடுதலாகத் தென்பட்டது. ஆனால் முதலில் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களைப் பின்தொடர்ந்தபோது, புதிதாகத் தோன்றியவற்றில் விரல் மரத்துப்போவதும் விறுவிறுப்பதும் மட்டுமே குறுஞ்செய்தியுடன் தொடர்பு காட்டின. கணினி குறித்தும் இதே எச்சரிக்கை பொருந்தும்: டென்மார்க்கில் ஏறத்தாழ 7,000 பணியாளர்களைக் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, விசைப்பலகைக்கும், மணிக்கட்டு நரம்பு அந்தக் குறுகிய வழியில் நசுங்கும் கார்பல் டனல் நோய்க்கும் வலுவான தொடர்பு காணவில்லை. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பம், முடக்குவாதம், உடற்பருமன் ஆகியவை அந்நோய்க்கு நன்கு நிறுவப்பட்ட காரணங்கள். வலிக்கிற கையில் கைப்பேசி இருந்தது என்பதால் மட்டும் அதைக் குற்றவாளியாக்க முடியாது.

சாகுபுரம் போன்ற ஊரில் இந்தக் கேள்வியை எழுப்பினால் அதன் முகமே மாறுகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் அருகில், 1950களின் இறுதியில் காஸ்டிக் சோடா ஆலையோடு எழுந்த குடியிருப்பு இது. ஆலையை நிறுவிய சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. குடியிருப்பையொட்டிக் கமலாவதி மேல்நிலைப் பள்ளி உள்ளது. சுற்றிலும் உப்பளங்கள், கிழக்கே கடல், வடக்கே புன்னைக்காயலில் தாமிரபரணியின் கழிமுகம். ஆலைத் தொழிலாளி, உப்பளத்துக் கூலியாள், மீனவர், வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர், கடைக்காரர் என்று பலதரப்பட்டோரின் பிள்ளைகள் இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். கையால் செய்யும் வேலை எத்தனை விதமோ அத்தனையும் ஒரு பதின்மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள் கிடைக்கும் இடம் என்றே சொல்லலாம்.

உப்பளத்தில் கை செய்யும் வேலையைக் கைப்பேசி வேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். பாத்தியில் படிந்த உப்பை நீண்ட கம்பு பூட்டிய வாருபலகையால் இழுத்து வரப்பில் சேர்ப்பவர் தோளிலிருந்து விரல் வரை முழு வலுவையும் செலுத்துகிறார். இழுவைக்கும் இழுவைக்கும் நடுவே தசைகள் தளர்கின்றன. உப்புநீரில் ஊறிய தோல் வெடிப்பதும் காய்ப்பதும் வேறு துன்பம். கைப்பேசியில் விசை மிகச் சிறிது. தளர்வு அதைவிடச் சிறிது. கருவியைத் தாங்கும் விரல்களும் சுண்டுவிரலின் ஓரமும் அரைமணி நேரம் அசையாமல் இறுகியிருக்க, கட்டைவிரல் மட்டும் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மெல்லிய, ஆனால் ஓய்வில்லாத இந்த இறுக்கத்தில் எப்போதும் அதே சிறு தசைநார்களே முதலில் வேலைக்கு வந்து கடைசியில் விடுபடுகின்றன. ஆகவே விசை, எண்ணிக்கை, கோணம், நீடிக்கும் நேரம், இடை ஓய்வு என்ற ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு வேலையின் பாரம் தெரியும். ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?’ என்ற ஒற்றைக் கேள்வி இவற்றில் ஒன்றை மட்டுமே தொடுகிறது.

மாணவரின் கைக்குக் கைப்பேசியைத் தவிர வேறு பாரங்களும் உண்டு. முதலாவது பேனா. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மூன்று மணி நேரத் தேர்வு, அதற்கு முன் திருப்புதல் தேர்வுகள், ரெக்கார்டு நோட்டு, தண்டனையாக நூறு முறை எழுதும் இம்போசிஷன் என்று தமிழ்நாட்டு மாணவர் எழுதித் தள்ளும் பக்கங்களுக்குக் கணக்கில்லை. நடுவிரலின் முதல் மூட்டருகே பேனா அழுத்திய காய்ப்பு அதற்குச் சாட்சி. பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் குடம் தூக்குவது, துணி பிழிவது, தேங்காய் துருவுவது. மீனவர் வீடுகளில் கிழிந்த வலையைச் சீர்செய்ய உட்காரும் பையன்கள் உண்டு. கைப்பந்து, கபடி, கிரிக்கெட் ஆட்டங்களில் பிசகிய விரல்கள் தனி. அண்டை மாவட்டங்களான திருநெல்வேலி, தென்காசியில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சுற்றும் குடும்பங்களில் இந்த ஆய்வைச் செய்தால் இலை வெட்டிச் சுருட்டி நுனி மடிக்கும் விரல்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் கேட்காத வினாத்தாள், வெளிநாட்டு ஆய்வின் நகலாக நின்றுவிடும். சாகுபுரத்து மாணவர் ஒருவரால் புதிதாகச் சொல்லக்கூடியது இங்கேதான் இருக்கிறது.

பள்ளி மாணவர் இத்தகைய ஆய்வை முறையாக முன்வைக்க ஓர் அரங்கும் உண்டு. ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ளோர் வழிகாட்டி ஆசிரியர் துணையுடன் சிறு குழுவாகப் பங்கேற்கின்றனர். தம் ஊர்ச் சிக்கலைத் தாமே தேர்ந்து, ஆராய்ந்து, தாய்மொழியில் அறிக்கை எழுதலாம். மாவட்டம், மாநிலம், நாடு என்று படிகள். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இப்பணியில் நெடுங்காலம் ஈடுபட்டிருக்கிறது. விலையுயர்ந்த கருவி தேவைப்படாத ஆய்வுக்கு அங்கே மதிப்பு அதிகம். கை நலம் அத்தகைய பொருள்.

வினாத்தாளைத் தயாரிப்பதில்தான் இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் வழுக்குகின்றன. பல ஆய்வேடுகள் தென்கொரியாவில் 2013இல் வெளியான பத்துக் கேள்விக் கைப்பேசி அடிமை அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஆறு வரை மதிப்பெண். ஆண்பிள்ளைகளுக்கு 31, பெண்பிள்ளைகளுக்கு 33 என்பது எல்லை. கொரியப் பதின்வயதினருக்கு வகுத்த எல்லை காயல்பட்டினத்துக்குப் பொருந்துமா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய ஓட்டை வேறு: அந்தப் பத்தில் ஒரு கேள்வியே கைப்பேசி பயன்படுத்தும்போது மணிக்கட்டிலோ பிடரியிலோ வலி வருகிறதா என்பதுதான். மணிக்கட்டு வலி உள்ளவருக்கு அதனாலேயே அடிமை மதிப்பெண் ஏறும். பிறகு மதிப்பெண்ணையும் வலியையும் ஒப்பிட்டுத் தொடர்பு கண்டோம் என்று எழுதினால், போட்டு வைத்ததை எடுத்துக் காட்டியதாகவே ஆகும். அந்தக் கேள்வியை விலக்கிவிட்டுக் கணக்கிடுவது எளிய திருத்தம், செய்பவர் குறைவு.

நேரத்தை மாணவர் வாய்மொழியில் கேட்பதும் நம்பத்தக்கதன்று. சொந்தப் பயன்பாட்டைப் பற்றி மனிதர்கள் சொல்வதற்கும் கருவி பதிவு செய்வதற்கும் உள்ள பொருத்தம் நடுத்தரமானதே என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டு மதிப்பீடு காட்டியது. 2018 முதல் ஆண்ட்ராய்டு, ஆப்பிள் கருவிகள் இரண்டிலும் திரைநேரக் கணக்கு உள்ளது. அதைப் பார்த்து எழுதலாம். ஆனால் இங்கே இன்னொரு முடிச்சு. பல வீடுகளில் கைப்பேசி அப்பாவுடையது அல்லது அம்மாவுடையது. மாலையில் பிள்ளைகள் முறைபோட்டு வாங்குகிறார்கள். கருவி காட்டும் ஐந்து மணி நேரம் நான்கு பேருடைய கூட்டுத்தொகை. ஆகவே ஏழு நாள் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, எடுத்த நேரம், வைத்த நேரம், உட்கார்ந்தா படுத்தா, ஒரு கையாலா இரு கையாலா, செய்தது ஆட்டமா தட்டச்சா படமா என்று எழுதச் சொல்வதே இந்த வட்டாரத்துக்கு ஏற்றது. படம் பார்ப்பதும் ஆட்டம் ஆடுவதும் திரைநேரக் கணக்கில் ஒன்று. கட்டைவிரலின் கணக்கில் வெவ்வேறு.

தமிழில் தட்டச்சு செய்யும் வழியையும் குறித்துக்கொள்வது நல்லது. ‘வாழ்க்கை’ என்று எழுத ரோமன் எழுத்துவழி ஒன்பது தட்டல் வேண்டும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறையில் ஏழு போதும். பரிந்துரைச் சொல்லைத் தொட்டால் இன்னும் குறையும். 2017 முதல் கூகுளில் தமிழ்க் குரல்வழித் தட்டச்சும் இருக்கிறது. வளைகுடாவில் இருக்கும் தந்தையுடன் குரல் பதிவாகவே பேசிப் பழகிய பிள்ளையின் கட்டைவிரலுக்கு, எழுத்தாகவே அரட்டை அடிக்கும் தோழனுடைய பாரம் இராது.

வலியைக் கேட்பதற்கு 1987இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் உருவான நார்டிக் வினாத்தாளின் முறை உதவும். உடல் படத்தில் இடத்தைக் காட்டி, கடந்த ஏழு நாளில் தொல்லை உண்டா, கடந்த பன்னிரண்டு மாதத்தில் உண்டா, அதனால் வழக்கமான வேலை தடைபட்டதா என்று அது கேட்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் கேட்கையில் கடுப்பு, குடைச்சல், எரிச்சல், மரத்துப்போதல் என்று அவர்கள் வாயில் வரும் சொற்களே இருக்க வேண்டும். ஒரு கையின் கோட்டுப்படத்தில் வலிக்கும் இடத்தை நிழலடிக்கச் சொன்னால் பதில் இன்னும் துல்லியமாகும்: முதல் மூன்று விரல்களில் மரமரப்பு என்றால் கார்பல் டனல் பக்கம் சந்தேகம் போகும், சுண்டுவிரலில் என்றால் முழங்கையை நெடுநேரம் மடக்கி வைத்ததில் நசுங்கும் இன்னொரு நரம்பின் பக்கம், கட்டைவிரல் அடியில் மணிக்கட்டோரம் என்றால் டி குவெர்வேன் நோயின் பக்கம்.

பரிசோதனைகள் ஆசை காட்டும். இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று அழுத்தி மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கி வைக்கும் ஃபேலன் சோதனையும், கட்டைவிரலை உள்ளே வைத்து விரல் மூடி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் சோதனையும் காணொளிகளில் பரவலாகக் கிடைக்கின்றன. இரண்டாவதை வேகமாகச் செய்தால் நோயில்லாதவருக்கும் வலிக்கும். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ மருத்துவரோ செய்ய வேண்டியவை இவை. அப்படிச் செய்பவருக்கு யார் அதிகம் பயன்படுத்துபவர், யார் குறைவு என்பது தெரியாமல் இருக்க வேண்டும். பிடிவலுவை மட்டும் மாணவர்களே அளக்கலாம். அதற்குரிய டைனமோமீட்டர் இல்லாத இடத்தில், பழைய வகை இரத்த அழுத்தமானியின் பட்டையைச் சுருட்டி 20 மி.மீ. வரை காற்றேற்றி, மாணவர் முழு வலுவுடன் அழுத்தும்போது முள் எவ்வளவு ஏறுகிறது என்று குறிக்கும் முறை உண்டு. மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பது அடுத்த கண்ணி. வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் கூகுள் படிவத்தை அனுப்பினால் கைப்பேசியைக் கீழே வைக்காதவர்களே முதலில் நிரப்புவார்கள். வலி உள்ளவர்கள் ஆர்வமாக நிரப்புவார்கள். வருகைப் பதிவேட்டில் ஐந்தாமவர், பத்தாமவர் என்று எண்ணி எடுப்பது பழைய முறை, நல்ல முறை. படிவத்தின் தலைப்பு ‘கைப்பேசியின் தீமைகள்’ என்று இருக்கவே கூடாது. ‘மாணவர் கை நலம்’ போதும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் என்பதால் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும் மாணவரின் சம்மதமும் இரண்டும் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. வகுப்புத் தோழன் என்பதால் இதை விட்டுவிடலாம் என்று நினைப்பது தவறு. வீட்டுப் பயன்பாட்டு நேரம் ஆசிரியர் காதுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனாலேயே குறைத்துச் சொல்வார்கள். படிவத்தில் பெயருக்குப் பதில் எண் போட வேண்டும்.

தரவு கைக்கு வந்தபின் செய்யும் கணக்கில் ஓர் எடுத்துக்காட்டு, கற்பனை எண்களுடன். நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்கு மேல் கைப்பேசி பயன்படுத்துவோர் 100 பேர், அதற்குக் குறைவானோர் 100 பேர் என்று கொள்க. முதல் குழுவில் 30 பேருக்குக் கைவலி, இரண்டாவதில் 18 பேருக்கு. கைப்பேசியே காரணம் என்று சொல்லத் தோன்றும். இப்போது எழுத்துவேலை மிகுந்த மேல்வகுப்பு, குறைந்த கீழ்வகுப்பு என்று பிரிக்கலாம். முதல் குழுவில் 75 பேர் மேல்வகுப்பு, அவர்களில் வலி 27; கீழ்வகுப்பு 25, வலி 3. இரண்டாம் குழுவில் மேல்வகுப்பு 25, வலி 9. கீழ்வகுப்பு 75, வலி 9. மேல்வகுப்பில் இரு குழுவிலும் 36 விழுக்காடு, கீழ்வகுப்பில் இரு குழுவிலும் 12 விழுக்காடு. கைப்பேசியின் பங்கு காணாமலே போய்விட்டது. பாடக் காணொளிகளுக்காகக் கைப்பேசியை அதிகம் எடுக்கும் மேல்வகுப்பு மாணவர்கள் அதைவிட அதிகமாக எழுதவும் செய்கிறார்கள். உண்மைத் தரவு இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. ஆனாலும் ஆண்–பெண், வகுப்பு, வீட்டுவேலை, விளையாட்டு என்று நான்கைந்து வகையில் பிரித்துப் பார்க்காமல் வட்டப்படங்களை வரைந்து முடிவு எழுதுவதில் பொருளில்லை. தொடர்பு இல்லை என்ற முடிவும் முடிவே. மாநாட்டு மேடையில் அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மாணவர் கை நலம் பற்றிய கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் கைப்பேசி பரவிய வேகம். பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராயும் அசர் (ASER) ஆய்வுகளின்படி, பள்ளிப் பிள்ளைகள் உள்ள இந்தியக் கிராமப்புற வீடுகளில் திறன்பேசி இருந்த பங்கு 2018இல் 36.5 விழுக்காடு, கொரோனாக்கால இணைய வகுப்புகளுக்குப் பின் 2021இல் 67.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகள் அதற்கு முன்பே மேல்நிலை மாணவர் மடியில் ஏறியிருந்தன. மேசையில் வைக்க வேண்டிய கருவியைச் சம்மணமிட்டு மடியில் வைத்துத் தட்டும்போது மணிக்கட்டு பின்பக்கம் வளைகிறது என்பது, கருவி கொடுப்பதோடு மேசையும் நாற்காலியும் வந்து சேர்வதில்லை என்பதன் விளைவு.

பரிகாரத்தில் பெரிய நுட்பம் இல்லை. கருவியைக் கையில் ஏந்தாமல் சாய்த்து நிறுத்துவது, இரு கட்டைவிரலாலும் பங்கிட்டுத் தட்டுவது, சுட்டுவிரலை மாற்றிப் பயன்படுத்துவது, நீண்ட செய்தியைக் குரலாக அனுப்புவது, கால்மணிக்கொரு முறை கையைக் கீழே தொங்கவிட்டு விரல்களை விரித்து மடக்குவது ஆகியவை பெரும்பாலோருக்குப் போதும். வலி வந்தபின் ஓய்வும், மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையும், பிசியோதெரபியும் முதல் படி. டி குவெர்வேன் நோயில் ஸ்டீராய்டு ஊசி நல்ல பலன் தரும். அறுவை கடைசி வழி. சுண்டுவிரலில் கைப்பேசி பதிந்த பள்ளம் பற்றிச் சமூக ஊடகங்களில் பரவும் அச்சத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை. கருவியை வைத்துவிட்டால் தோல் பழையபடி எழும்.

ஆய்வின்போது சில மாணவர்களிடம் அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறிகள் தென்படலாம். இரவில் விரல் மரத்துத் தூக்கம் கலைந்து கையை உதறுவது, பிடித்த பொருள் நழுவி விழுவது, கட்டைவிரல் அடியிலுள்ள மேட்டுத் தசை மெலிந்து தட்டையாவது, விரலை மடக்கி நீட்டும்போது பூட்டிக்கொள்வது ஆகியவை அவை. இவர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதோடு ஆய்வுக் குழுவின் கடமை முடியாது. வழிகாட்டி ஆசிரியர் மூலம் பெற்றோருக்குத் தெரிவித்து, முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், தேவைப்பட்டால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அனுப்ப வேண்டும். சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும், மருத்துவர் தேவை எனக் கருதினால் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் அங்கே முடிவாகும். இந்த ஏற்பாட்டை வினாத்தாள் அச்சாகும் முன்பே பேசி வைத்துவிட வேண்டும்.